உங்களுக்குத் தெரியுமா? ‘நூத்திப்பத்து’ முதல் குண்டாஸ் வரை

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் அடிதடி வழக்குகள் அடுத்தடுத்துச் சேர்ந்தால், காவல் நிலையத்தில் அந்த ஆளின் பெயரில் ஹிஸ்டரி ஷீட் ஏறும். பின்னாலேயே வரும் ‘நூத்திப்பத்து’. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 110-வது பிரிவு அது. 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 129. ‘இனி ஒழுங்காக இருப்பேன்’ என்று அதிகபட்சம் 3 ஆண்டுகளுக்கு நன்னடத்தைப் பத்திரம் எழுதித் தர வேண்டும். இடையில் மறுபடி கை நீட்டினால், மிச்ச நாளுக்குக் கம்பி எண்ண வேண்டியதுதான்.

சென்னையில் இந்தப் பத்திரத்தை வாங்கும் அதிகாரம் காவல் துணை ஆணையர்களிடமே இருந்தது. பிடிப்பதும் அவர்கள், விசாரிப்பதும் அவர்கள்! 2023-இல் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

இதற்கும் மேலே 1982-ஆம் ஆண்டின் 14-வது சட்டம், ஊர் வழக்கில் ‘குண்டாஸ்’. வழக்கு விசாரணை இல்லாமலே 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். வடசென்னைக்காரர்களுக்கு அது பக்கத்திலிருக்கும் புழல் சிறை. கள்ளச்சாராயம் காய்ச்சுவோர், குடிசைப்பகுதி நிலத்தை அபகரிப்போர் எனத் தொடங்கிய பட்டியலில் 2004-இல் திருட்டு விசிடிக்காரர்களும் சேர்ந்தார்கள். நீதிமன்றத்தில் இந்தச் சட்டப்படி போடும் தடுப்புக் காவல் ஆணைகள் பல உடைவது குற்றம் பொய் என்பதால் அல்ல: கைதிக்குக் கொடுத்த நகல் படிக்க முடியாமல் மங்கலாக இருந்தது, அவர் கொடுத்த மனுவைப் பரிசீலிக்கத் தாமதமானது போன்ற காரணங்களால்.