சண்டைக்கு ரெண்டு நிமிஷம் லீவு!

ஆடித் தபசு அன்று சங்கரன்கோவில் தெற்கு ரத வீதியில் எள் போட்டால் எள் விழாது. தவக்கோலத்தில் காத்திருக்கும் கோமதி அம்மனுக்கு, சாயங்காலம் சுவாமி பாதி சிவனும் பாதி ஹரியுமாக சங்கரநாராயணர் காட்சி கொடுப்பார். விவசாயிகள் பருத்தியும் வத்தலும் சூறை விடுவார்கள். அந்த நெரிசலில்தான் என் ஆபீஸ் நண்பன் தன் முன்னாள் மனைவியைப் பார்த்துத் தொலைத்தான்!

விவாகரத்தாகி ரெண்டு வருஷம். பரஸ்பர சம்மதம், ஆறு மாசக் காத்திருப்பு எல்லாம் முறைப்படி முடிந்த கேஸ். அன்றிலிருந்து அவனுக்கு மத்தியானம் ஓட்டல் பொட்டலம்தான். அதைக்கூடத் தாங்கிக்கொண்டான். ராத்திரி வீட்டுக்குப் போனால் 'ஏன் லேட்டு?' என்று கேட்க ஆளில்லாததுதான் அவனை வாட்டியது.

தபசுக் கூட்டத்தில் 'எப்படி இருக்கே?' என்று ஆரம்பித்தது, மறுநாள் போனில் அரைமணி ஆனது. அடுத்த வாரம் ஒரு மணி. மூன்றாவது வாரம் டீக்கடையில் சொன்னான்:

"மாப்ளே, திரும்பவும் கட்டிக்கிடலாம்னு பேசிக்கிட்டோம்ல."

"சபாஷ்!"

"எந்தக் கோயில்ல வைக்கதுன்னு சண்டை வந்துட்டு. நேத்துலேர்ந்து போனை எடுக்க மாட்டேங்கா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திருநெல்வேலி பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு ஆங்கில நாடகத்தின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். நோயல் கவர்ட் எழுதிய 'பிரைவேட் லைவ்ஸ்'. மனுஷன் ஷாங்காயில் ஃப்ளூ காய்ச்சலில் படுத்துக்கொண்டே நாலு நாளில் எழுதி முடித்தாராம். (எனக்குக் காய்ச்சல் வந்தால் லீவ் லெட்டரே எழுத வராது.) 1930-ல் முதலில் எடின்பரோவில், பிறகு லண்டனில் மேடையேறியது. அவரே கதாநாயகன், ஜோடி கெர்ட்ரூட் லாரன்ஸ்.

கதையை அவனுக்குச் சொன்னேன். எலியட், அமாண்டா விவாகரத்தாகி அஞ்சு வருஷம். ஆளுக்கொரு புதுத் துணையோடு தேனிலவுக்குப் போகிறார்கள். ஒரே ஊர், ஒரே ஓட்டல், பக்கத்துப் பக்கத்து பால்கனி! பழைய காதல் பொங்கி, புதுத் துணைகளை அம்போவென்று விட்டுவிட்டு ரெண்டு பேரும் பாரிஸுக்கு ஓட்டம்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, சண்டைதான்."

அதற்கு அவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். வாக்குவாதம் முற்றினால் யாராவது ஒருத்தர் 'சாலமன் ஐசக்ஸ்' என்று சொல்லவேண்டும். உடனே ரெண்டு நிமிஷம் ரெண்டு பேரும் மௌனம். இதையே சுருக்கி 'சொல்லாக்ஸ்' என்று வைத்துக்கொள்கிறார்கள். நம்மூர்க் காதுக்கு 'சொல்லாதே' மாதிரிதான் கேட்கிறது! கொஞ்ச நேரம் வேலை செய்கிறது. கடைசியில் அமாண்டா கிராமபோன் ரெக்கார்டை எடுத்து எலியட் மண்டையில் உடைக்கிறாள். எலியட்டும் கை நீட்டுகிறான். பெண்களை அடிப்பது பற்றி அதில் வரும் ஜோக்குக்கு இன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பக்கங்களை அவனிடம் சொல்லாமல் தாண்டிவிட்டேன்.

தேடி வந்த புதுத் துணைகள் ரெண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் சண்டை போட ஆரம்பிக்க, பழைய ஜோடி பெட்டியைத் தூக்கிக்கொண்டு நைசாக நழுவுகிறது. நாடகம் அவ்வளவுதான்.

"மறுபடி கல்யாணம் பண்ணிக்கிட்டாங்களா இல்லையா?" என்றான் நண்பன் பரிதாபமாக.

"நாடகத்துல சொல்லலைல. ஆனா நிஜத்துல பண்ணினவங்க உண்டு" என்று எலிசபெத் டெய்லர், ரிச்சர்ட் பர்ட்டன் கதையை எடுத்தேன். 1964-ல் கல்யாணம், 1974-ல் விவாகரத்து, 1975-ல் மறுபடி கல்யாணம், 1976-ல் மறுபடி விவாகரத்து! அதோடு விட்டார்களா? 1983-ல் இதே நாடகத்தில் நியூயார்க் பிராட்வேயில் ஜோடியாக நடித்தார்கள். விமர்சகர்கள் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். ஜனம் என்னவோ டிக்கெட் வாங்கியது. மேடையில் எலியட்டும் அமாண்டாவும் சண்டை போட்டால், பார்க்கிறவனுக்கு டெய்லரும் பர்ட்டனும் போடுகிற மாதிரித்தானே இருக்கும்! நாடகம் நடந்துகொண்டிருக்கும்போதே பர்ட்டன் வேறொரு பெண்ணைக் கட்டிக்கொண்டார் என்பதை நண்பனின் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன்.

அதற்குப் பதில் திருவள்ளுவரைத் துணைக்கு அழைத்தேன். 133-வது அதிகாரம், குறளின் கடைசி அதிகாரம், என்ன தெரியுமா? ஊடலுவகை. 1330 குறளையும் கொண்டுபோய் அவர் முடித்த இடம் காதலர் சண்டையின் சந்தோஷத்தில்!

நண்பன் பதில் பேசவில்லை. போனை எடுத்தான். மூன்றாவது தடவை அந்தப் பக்கம் எடுத்தார்கள். 'சொல்லாக்ஸ்' சமாசாரத்தை விளக்கி, "நமக்கும் ஒரு வார்த்தை வேணும், நீயே சொல்லு" என்றான். நம்ம கோயில் பிரசாதத்தையே சொன்னாளாம்: 'புத்துமண்ணு'.

நாலு நிமிஷம் ஒழுங்காகப் போயிற்று. பிறகு "உங்க அம்மா அன்னைக்கு..." என்று இவன் தொடங்கவும், போனுக்கு வெளியே எனக்கே கேட்டது அந்தக் குரல்.

"புத்துமண்ணு!"

நண்பன் கப்பென்று வாயை மூடினான். டீ மாஸ்டர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார். நான் வாட்சைப் பார்த்தேன். ஒரு நிமிஷம் ஆயிற்று. ஒன்றரை ஆயிற்று.

"என்ன, லைன்ல இருக்கீயளா?" என்றது போன்.