நடுவில் நிற்கும் முள்

கார் கிளம்பிய சில நிமிடங்களில் டெம்பரேச்சர் மீட்டரின் முள் நடுவுக்கு வரும். அதன்பின் அசையாது. ஓட்டுபவரும் நிம்மதியாகிவிடுவார். ஆனால் இன்ஜினின் சூடு அப்படி அசையாமல் இருப்பதில்லை. நெடுஞ்சாலையில் 85 டிகிரி செல்சியஸ் அளவில் இருப்பது, நெரிசலில் நின்றால் 100-ஐ நெருங்கும். ஃபேன் ஓடியதும் இறங்கும். இதைப் பார்த்து வாடிக்கையாளர் பதறக்கூடாது என்று, ஏறத்தாழ 75 முதல் 105 டிகிரி வரை முள் ஒரே இடத்தில் நிற்கும்படி பல தயாரிப்பாளர்கள் அமைத்துவிடுகிறார்கள். அந்த முள் நடுவை விட்டு நகர்கிறது என்றால், நிலைமை ஏற்கெனவே மோசமாகியிருக்கும். இன்றைய சிறிய கார்கள் பலவற்றில் முள்ளே கிடையாது. நீல விளக்கும் சிவப்பு விளக்கும்தான்.

அதனால்தான் பழைய கார் வைத்திருப்பவர்களும் மலைப்பாதையில் அடிக்கடி போகிறவர்களும் எண்களோடு தனி மீட்டர் ஒன்றை வாங்கிப் பொருத்துகிறார்கள். நல்ல முடிவுதான். ஆனால் மீட்டரின் அழகைப் பார்ப்பவர்கள், அதற்குச் செய்தி அனுப்பும் சென்சாரைக் கவனிப்பதில்லை. உண்மையைச் சொல்வதும் மறைப்பதும் அந்தச் சென்சார்தான்.

சென்சாருக்குள் இருப்பது தெர்மிஸ்டர். உலோகக் கம்பி சூடானால் அதன் மின்தடை கூடும், தெர்மிஸ்டரில் குறையும். சூடு ஏற ஏற, மின்சாரத்தைக் கடத்தும் எலெக்ட்ரான்கள் அதில் அதிகமாக விடுபடுவதே காரணம். சில்வர் சல்பைடில் இந்தத் தலைகீழ் குணத்தை மைக்கேல் ஃபாரடே 1833-லேயே கண்டார். கார்களுக்கு விற்கும் ஒரு வகைச் சென்சாரில் 40 டிகிரியில் சுமார் 287 ஓம் இருக்கும் மின்தடை, 120 டிகிரியில் 23 ஓம் அளவுக்கு விழுந்துவிடும். மீட்டர் இந்தத் தடையை அளந்துதான் முள்ளை நகர்த்துகிறது. வேறு கம்பெனியின் சென்சாருக்கு இந்தக் கணக்கு வேறு. மரை பொருந்துகிறது என்பதற்காக ஒன்றின் சென்சாரை இன்னொன்றின் மீட்டரோடு இணைத்தால், முள் நகரும். காட்டும் எண் பொய்யாக இருக்கும்.

எங்கே பொருத்துவது? சிலிண்டர் ஹெட்டிலோ தெர்மோஸ்டாட் ஹவுசிங்கிலோ காலியாக ஒரு துளை, அடைப்புப் போட்டபடி இருந்தால் அதுவே சிறந்த இடம். இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் மிகச் சூடாக இருப்பது அங்கேதான். இல்லாவிட்டால் மேல் ரேடியேட்டர் ஹோஸை வெட்டி, நடுவே ஓர் அடாப்டரைச் செருகுவார்கள். இன்ஜினிலிருந்து கூலன்ட் வெளியேறும் வழியில் தெர்மோஸ்டாட் இருக்கும் கார்களில், 80 முதல் 90 டிகிரிக்குள் அது திறக்கும்வரை இந்த ஹோஸில் ஓட்டமே இருக்காது. தெர்மோஸ்டாட் திறக்காமல் சிக்கிக்கொண்டால், ஹெட் கொதிக்கும்போதும் மீட்டர் குளிர்ச்சியைத்தான் காட்டும். காரின் கணினிக்குத் தகவல் தரும் சென்சாரின் ஒயரில் மட்டும் கை வைக்கக்கூடாது. அதிலிருந்து கிளை எடுத்தால் கணினி தவறான சூட்டை நம்பி, பெட்ரோல் அளவையே மாற்றிவிடும்.

ஒற்றை ஒயர் சென்சாருக்கு இன்ஜின் உலோகமே எர்த். ரப்பர் ஹோஸ்களுக்கு நடுவே இருக்கும் அடாப்டருக்கு எர்த் கிடைக்காது. அதற்குத் தனி ஒயர் இழுக்கவேண்டும். கசிவுக்குப் பயந்து மரை முழுக்க டெஃப்ளான் டேப் சுற்றினாலும் எர்த் கெட்டுப்போகலாம். மீட்டருக்கு வரும் மின்சாரம் சாவி போட்டால் மட்டும் வரட்டும். நடுவே ஒரு ஃபியூஸ் அவசியம்.

பொருத்துவதற்கு முன், சென்சாரைக் கொதிக்கும் நீரில் முக்கி மல்டிமீட்டரால் அளந்து, பெட்டியில் தந்திருக்கும் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். சென்னையில் நீர் 100 டிகிரியில் கொதிக்கும். 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் 93-க்குள்ளேயே கொதித்துவிடும். அங்கே சோதிப்பவர் இதைக் கணக்கில் கொள்ளவேண்டும். வேலையெல்லாம் இன்ஜின் ஆறிய பிறகே. கூலன்டை மீண்டும் நிரப்பியதும் உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றாவிட்டால், சென்சார் காற்றுக்குமிழியில் மாட்டிக்கொள்ளும்.

புதிய மீட்டர் 100 காட்டினால் பதற வேண்டாம். பிரஷர் குக்கரைப் போலவே ரேடியேட்டர் மூடியும் அழுத்தத்தைத் தக்கவைப்பதால், உள்ளே கூலன்ட் 120 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும். 110-ஐக் கடந்து ஏறிக்கொண்டே போனால் ஏசியை நிறுத்தி, வண்டியை ஓரங்கட்டுங்கள். அதைவிடக் கவனிக்கவேண்டியது, மேடேறும்போது முள் சட்டென்று கீழே விழுவது. சூடு குறைந்துவிட்டது என்று நினைத்துத் தொடர்ந்து ஓட்டாதீர்கள். கூலன்ட் வெளியேறி, சென்சார் வெறும் ஆவியில் நிற்பதாகவும் இருக்கலாம். அப்படியே ஓட்டினால் ஹெட் கேஸ்கெட் போகும், அலுமினிய ஹெட் வளையும். உடனே இன்ஜினை அணையுங்கள்; நன்றாக ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள்.