திரையில் ஓடும் காரும் நேர்மையாக ஓடட்டும்

கடந்த ஏப்ரல் விடுமுறையில் எங்கள் பொகவந்தலாவை நகரில் பன்னிரண்டு பிள்ளைகள் சேர்ந்து ஒன்லைனில் ஒரு கார் பந்தயம் வைத்தார்கள். ஆளுக்கு 500 ரூபா, வென்றவனுக்கு முழுத்தொகை. இரவு பதினொரு மணிக்குத் தொடங்கிய பந்தயத்தின் கடைசிச் சுற்றில், முன்னால் ஓடிய பையனின் கார் திரையிலிருந்து மறைந்துவிட்டது. அன்று மழை; இணைப்பு அறுந்திருக்கிறது. "தோற்கப் போறான் எண்டு லைனை வெட்டிட்டான்" என்றான் ஒருவன். "நீதான் இடிச்சுத் தள்ளின" என்றான் மற்றவன். மறுநாள் காலை பஜாரில் அது கைகலப்பாக மாறியது.

அடித்துக்கொண்டவர்களில் ஒருவன் பள்ளிவாசல் தெருப் பிள்ளை. மற்றவன் தோட்டத்து லயத்துப் பிள்ளை. இருவரும் ஒரே வகுப்பு. ஆனால் மாலையாகும் முன்பே அது இரண்டு பையன்களின் சண்டையாக இருக்கவில்லை. "அவங்கட ஆக்கள்", "எங்கட ஆக்கள்" என்று பெரியவர்கள் பேசத் தொடங்கியிருந்தார்கள். ஆயிரம் குடும்பங்கள் தேயிலையை நம்பியும், அந்தக் குடும்பங்களை நம்பி நமது கடைகளும் வாழும் ஒரு சிறு நகரத்தில் இந்தப் பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

பெற்றோரில் பலர் போனைப் பறித்து வையுங்கள் என்றார்கள். பறித்து வைத்தார்கள், ஒரு வாரத்தில் பிள்ளைகள் வேறு போனில் விளையாடினார்கள். கடைசியில் அந்தப் பிள்ளைகளே என்னிடம் வந்து, "சேர், நீங்க நடத்தித் தாங்க" என்றார்கள். எனக்கு அந்த விளையாட்டு தெரியாது. ஆனால் இருபது வருடமாக இல்ல விளையாட்டுப் போட்டி நடத்திய அனுபவம் உண்டு. ஆகஸ்ட் விடுமுறையில் பதினாறு பிள்ளைகளோடு ஒரு போட்டியை நடத்தினோம். வேறு ஊர்களில் ஆசிரியர்களோ, பள்ளிவாசல் நிர்வாகங்களோ, வாலிபர் அமைப்புகளோ இதைச் செய்ய விரும்பினால் உதவும் என்பதற்காக, அதில் கற்றதை எழுதுகிறேன்.

பந்தயம் புதிய விடயமல்ல

மலையகத்துக்குக் கார் பந்தயம் பழக்கமானது. நுவரெலியாவில் மஹகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934 முதல் அறியப்பட்டது. ஏப்ரல் வசந்த காலம் என்றாலே நமது பிள்ளைகளுக்கு இயந்திரச் சத்தம் நினைவுக்கு வரும். அதன் ஆபத்தையும் நாம் பார்த்திருக்கிறோம். 2024 ஏப்ரல் 21 இல் தியத்தலாவை பொக்ஸ்ஹில் பந்தயத்தில் ஒரு கார் தடத்தை விட்டு விலகிப் பார்வையாளர்கள் மீது பாய்ந்ததில் 7 பேர் இறந்தார்கள். ஒரு சிறுமியும் அதில் அடக்கம். வேகத்தின் மீது ஆசைப்படும் பிள்ளை நோர்வூட் வீதியில் மோட்டார் சைக்கிளை முறுக்குவதை விட, திரையில் காரை ஓட்டுவது எவ்வளவோ மேல்.

மார்க்கத்திலும் பந்தயத்துக்கு முன்மாதிரி உண்டு. நபி (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தியதை இப்னு உமர் (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புஹாரியில் இருக்கிறது. அதில் ஒரு நுணுக்கத்தைப் பலர் கவனிப்பதில்லை. பயிற்சி பெற்ற குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை ஐந்தாறு மைல் தூரம். பயிற்சி பெறாத குதிரைகளுக்கு ஸனிய்யாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை ஒரு மைல்தான். அதாவது, பலமானதையும் பலவீனமானதையும் ஒரே கோட்டில் நிறுத்தவில்லை. நேர்மையான பந்தயத்தின் முதல் பாடம் அது.

எங்கள் பிள்ளைகளில் ஒருவனுக்குக் கட்டாரில் இருக்கும் வாப்பா ஸ்டியரிங் செட் அனுப்பியிருந்தார். இன்னொருவன் மாமாவின் பழைய கணினியில் விசைப்பலகையால் ஓட்டினான். ஆகவே முதல் வாரம் யாரையும் யாரோடும் மோதவிடவில்லை. ஒவ்வொருவரும் தனியாக, ஒரே தடத்தில், ஒரே காரில் ஓடித் தமது சிறந்த நேரத்தைப் பதிவுசெய்து அனுப்ப வேண்டும். அந்த நேரங்களைப் பார்த்து எட்டுப் பேர் வீதம் இரு பிரிவாக்கினோம். இரு பிரிவுக்கும் ஒரே மதிப்புள்ள பரிசு. பணம் கொடுத்து வாங்கும் விசேட கார்களுக்கு இடமில்லை.

பணம் எங்கிருந்து வருகிறது?

ஏப்ரல் சண்டையின் வேர் அந்த 500 ரூபாதான். எல்லோரும் பணம் போட்டு, வென்றவர் அள்ளிச் செல்லும் முறை சூதாட்டத்தின் வடிவம். ஸூரா அல்மாயிதாவின் 90, 91 ஆம் வசனங்கள் சூதைத் தடுக்கும்போது, அது மனிதர்களிடையே பகைமையை உண்டாக்குவதையும் தொழுகையை மறக்கச் செய்வதையும் காரணமாகக் காட்டுகின்றன. எங்கள் பஜாரில் நடந்தது அதற்கு விளக்கவுரை போலவே இருந்தது.

எங்கள் மௌலவியிடம் கேட்டோம். போட்டியில் பங்கெடுக்காத மூன்றாம் நபர் பரிசு தருவது வேறு. போட்டியாளர்களின் பணத்தையே பரிசாக்குவது வேறு என்றார். பணப்பரிசு எந்தெந்தப் போட்டிகளுக்கு ஆகும் என்பதிலும் ஷாபிஈ மத்ஹப் உட்பட சட்ட அறிஞர்கள் வரையறை வைத்திருக்கிறார்கள். ஆகவே பணத்தையே தவிர்த்துவிடுங்கள் என்றார். நுழைவுக் கட்டணம் இல்லை. கடைக்காரர் ஒருவர் தந்த கிண்ணங்களும் பயிற்சிப் புத்தகங்களும் மட்டும் என்று முடிவுசெய்தோம். வெளியில் நின்று பந்தயம் கட்டுபவர் யாராயினும், அவருக்காக ஓடுபவர் விலக்கப்படுவார் என்றும் எழுதினோம்.

பெற்றோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சில விளையாட்டுகளில், உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாத பெட்டியைக் காசு கொடுத்துத் திறக்கும் முறை உண்டு. 2018 இல் பெல்ஜியம் இவற்றைச் சூதாட்டச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. விளையாட்டைத் தெரிவு செய்யும்போதே இதைப் பார்க்க வேண்டும்.

இணைப்பு செய்யும் விளையாட்டு

இணைப்பில் தாமதம் இருந்தால் என்ன நடக்கும்? மணிக்கு 200 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் கார் ஒரு விநாடியில் சுமார் 55 மீற்றர் நகரும். செய்தி போய்ச்சேர விநாடியில் பத்தில் ஒரு பங்கு தாமதித்தாலும், அதற்குள் கார் ஐந்தரை மீற்றர் முன்னே போய்விடும். ஒரு காரின் நீளமே ஏறத்தாழ நாலரை மீற்றர்தான். இந்த இடைவெளியை நிரப்ப, மற்ற கார் இப்போது எங்கே இருக்கும் என்று கணினி ஊகித்துக் காட்டுகிறது. ஆகவே ஒருவனின் திரையில் மோதல் நடக்கும். மற்றவனின் திரையில் இரண்டு காருக்கும் நடுவே இடம் இருக்கும். இருவரும் பொய் சொல்லவில்லை. இதை விளங்காததால்தான் பாதிச் சண்டைகள் வருகின்றன.

இது பணக்கார நாடுகளிலும் நடக்கிறது. 2023 ஜனவரியில் நடந்த லே மான்ஸ் 24 மணிநேர மெய்நிகர் பந்தயத்தில், உலக சாம்பியன் மக்ஸ் வெர்ஸ்டப்பன் முன்னணியில் இருந்தபோது இணைப்பு அறுந்து பின்தள்ளப்பட்டார். மழைக்காலத்தில் மின்சாரம் போய்ப் போய் வரும் நமது பள்ளத்தாக்கில் கேட்கவா வேண்டும்? எனவே விதியை முன்கூட்டியே எழுதுங்கள். முதல் சுற்றுகளில் பாதிக்கு மேற்பட்டோர் அறுந்தால் பந்தயம் மீண்டும் நடக்கும். ஒருவர் மட்டும் அறுந்தால் நடக்காது, ஆனால் அவரை ஏமாற்றுக்காரர் என்று யாரும் சொல்லக்கூடாது. ஒரே பந்தயத்தில் முடிவு செய்யாமல் மூன்று பந்தயங்களின் புள்ளிகளைக் கூட்டுங்கள். ஒரு மழை ஒருவனின் முழு முயற்சியையும் அழித்துவிடாது.

இணைப்பு மிகவும் மோசமான ஊர்களில் நேரப் பதிவோடு நிறுத்திக்கொள்ளலாம். ட்ராக்மேனியா போன்ற விளையாட்டில் கார்கள் ஒன்றையொன்று ஊடுருவிச் செல்லும், மோதலே இல்லை. அதன் அடிப்படைப் பதிப்பு இலவசம்.

ஓட்டுபவர் யார்?

2020 மே மாதம், கொரோனா முடக்கத்தின்போது ஃபோர்மியுலா ஈ நிறுவனம் நடத்திய ஒன்லைன் பந்தயமொன்றில் ஜெர்மனிய ஓட்டுநர் டேனியல் அப்ட் மூன்றாமிடம் பெற்றார். உண்மையில் அவருடைய பெயரில் ஓட்டியது வேறொரு தேர்ந்த இளைஞர். அகப்பட்டதும் அவர் நீக்கப்பட்டார். 10,000 யூரோவைத் தர்மத்துக்குக் கட்ட வேண்டியதாயிற்று. அவுடி அணியிலிருந்த இடத்தையும் இழந்தார். வேடிக்கைக்காகச் செய்ததாக அவர் சொன்னார். விளையாட்டில் சொன்ன பொய்க்கு நிஜமான தொழில் போனது.

நமது வீடுகளில் இதைச் செய்ய வெளியாள் தேவையில்லை. நானா ஒருவர் போதும். ஆகவே ஓடும்போது கையும் முகமும் தெரியும்படி இன்னொரு போனில் வீடியோ அழைப்பு வைக்கச் சொன்னோம். புனைபெயர் கூடாது, சொந்தப் பெயரும் வகுப்பும்தான் திரையில் வரவேண்டும். ஐரேசிங் என்ற புகழ்பெற்ற பந்தயத் தளமும் சொந்தப் பெயரைத்தான் கேட்கிறது. பெயர் தெரியும் இடத்தில் பிள்ளையின் கையும் நாவும் தாமாகவே அடங்குகின்றன.

மோதலும் தீர்ப்பும்

ஐரேசிங்கில் தடத்தை விட்டு விலகினால் 1 புள்ளி, கட்டுப்பாடு இழந்தால் 2, இன்னொரு காரோடு பலமாக மோதினால் 4 என்று தவறுகள் எண்ணப்படும். மோதலில் யார் பிழை என்று கணினி பார்ப்பதில்லை, இருவருக்கும் விழும். தவறு உன்னுடையதல்ல என்றாலும் மோதலைத் தவிர்க்கும் பொறுப்பு உனக்கும் உண்டு என்பது அதன் கருத்து. வீதியில் ஓட்டப்போகும் பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

ஆனால் வேண்டுமென்று செய்வதைக் கணினி அறியாது. 2020 மே 2 இல் இண்டியனாபொலிஸ் மெய்நிகர் பந்தயத்தில், முந்தைய வருடம் நிஜ இண்டி 500 இல் வென்ற சிமோன் பஜெனோ, முன்னணியில் வந்த லாண்டோ நொரிஸின் பாதையில் வேகத்தைக் குறைத்து மோதலை உண்டாக்கினார். அதற்கு மனித நடுவர் வேண்டும். எங்கள் விதிகள் மூன்றே. வளைவில் பக்கத்தில் வந்துவிட்ட காருக்கு ஒரு கார் அகலம் இடம் விட வேண்டும். இடித்து முந்தினால் இடத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் 10 விநாடி தண்டம். வேண்டுமென்று இடித்தால் அன்றைய புள்ளிகள் இல்லை.

முறைப்பாட்டை அன்றிரவு ஏற்கமாட்டோம். மறுநாள் அஸருக்குப் பிறகுதான். கோபத்தில் இருக்கும்போது தீர்ப்பளிக்கக் கூடாது என்றும், இரு தரப்பையும் கேட்ட பின்பே முடிவு சொல்ல வேண்டும் என்றும் நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்தார்கள். நடுவர்கள் மூவர்: நான், தோட்டத்து இளைஞர் ஒருவர், சிங்கள ஆசிரியர் ஒருவர். உறவினர் ஓடும் பந்தயத்தில் நடுவர் விலகியிருப்பார்.

நாவைக் காப்பதும் விதியில் இருந்தது. 2020 ஏப்ரலில் அமெரிக்க ஓட்டுநர் கைல் லார்சன் ஒன்லைன் பந்தயத்தின் நடுவே இனத்தை இழிக்கும் ஒரு சொல்லைச் சொன்னார். இரண்டு நாளில் அவரது அணி அவரை நீக்கியது. சாதி, இனம், மதம், தோட்டம் பற்றி ஒரு சொல் வந்தாலும் வெளியே என்று பிள்ளைகளிடம் சொன்னோம். ஒன்றும் வரவில்லை.

நேரத்தையும் மாற்றினோம். இஷாவுக்குப் பிறகு எட்டரைக்குத் தொடக்கம், பத்து மணிக்கு முடிவு. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை எழுதும் வருடத்துப் பிள்ளைகள் ஓட வேண்டுமானால் பெற்றோரின் கையொப்பம் தேவை.

என் தீர்ப்பு பிழைத்தது

எல்லாம் சரியாக நடந்தது என்று எழுத மாட்டேன். மூன்றாவது பந்தயத்தில், ஏப்ரலில் அடித்துக்கொண்ட அதே இருவர் மோதிக்கொண்டார்கள். பள்ளிவாசல் தெருப் பிள்ளையின் பதிவு மட்டும் முதலில் என் கைக்கு வந்தது. அதில் தோட்டத்துப் பிள்ளை இடிப்பது தெளிவாகத் தெரிந்தது. நான் எழுதி வைத்த விதியை நானே மீறி, மற்றவனைக் கேட்காமல் 10 விநாடி தண்டம் அறிவித்துவிட்டேன். "நான் இடிக்கல சேர், என் ஸ்கிரீன்ல அவன் தள்ளித்தான் இருந்தான்" என்றான். குரலை உயர்த்தவில்லை. அதுதான் என்னை உறுத்தியது.

மறுநாள் பள்ளிவாசல் தெருப் பிள்ளையே வந்தான். நண்பனின் பதிவை வாங்கி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறான். "சேர், அவன்ட ஸ்கிரீன்ல இடம் இருக்கு. என்ட லைன்தான் பிந்தியிருக்கு. தண்டத்தை எடுத்து விடுங்க" என்றான். எடுத்துவிட்டால் கிண்ணம் அவனுக்கு இல்லை என்பது அவனுக்குத் தெரியும். மற்ற நடுவர்களோடு பார்த்தேன், தீர்ப்பை மாற்றினோம். எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் என் பிழையை ஒப்புக்கொண்டேன்.

நபி (ஸல்) அவர்களின் அழ்பா என்ற ஒட்டகத்தை யாரும் முந்தியதில்லை. ஒரு நாள் ஒரு கிராமவாசியின் ஒட்டகம் முந்தியது. தோழர்களுக்குக் கவலை. உலகில் உயர்ந்த எதையும் அல்லாஹ் ஒரு நாள் தாழ்த்தவே செய்வான் என்ற கருத்தில் நபியவர்கள் அவர்களுக்குச் சொன்னார்கள். தோற்பதைக் கற்றுக்கொடுப்பதும் நமது கடமைதான்.

போனைப் பறிப்பது ஒரு நிமிட வேலை. விதி எழுதி, நடுவராய் இருந்து, பிழைத்தால் திருத்தி நடத்துவது ஒரு மாத வேலை. ஆனால் இப்போது பஜாரில் அந்த இரண்டு பிள்ளைகளும் ஒன்றாக நின்று டீ குடிக்கிறார்கள். பெரியவர்கள் "அவங்கட ஆக்கள்" என்று பேச அங்கே எதுவும் மிஞ்சவில்லை. டிசம்பர் விடுமுறையில் மீண்டும் நடத்துவோம், இன்ஷா அல்லாஹ்.