பலாவிலைக் கரண்டி கற்பிக்கும் பாடம்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் நோக்கிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் பாலராமபுரம், நெய்யாற்றின்கரை ஆகிய ஊர்களைக் கடந்ததும் வருவது அமரவிளை. அதற்கு அப்பால் பாறசாலை. அதையும் தாண்டினால் களியக்காவிளையில் தமிழகம் தொடங்கிவிடும். நெடுங்காலமாக இவ்வூரின் பெயரை வெளியூரார் அறிந்திருந்தது இங்கிருந்த சோதனைச்சாவடியின் வாயிலாகவே. 2017 ஜூலை முதல் நாள் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்து, வணிகவரிச் சாவடிகள் விலக்கப்பட்ட பின்னர், சரக்கு லாரிகள் வரிசைகட்டி நின்ற காட்சி பெரிதும் மறைந்துவிட்டது. இன்று பலரும் நில்லாமலே கடந்துசெல்லும் ஊர் இது.

நாம் இங்கே சற்று நிற்போம். நிற்பதற்குக் காரணம் உணவு.

வடிவமைப்புக் கல்வி பயிலும் மாணவர்களுக்கு ஏதேனும் ஒரு கருப்பொருளைத் தேர்ந்துகொண்டு, அதனைப் பல கோணங்களில் ஆராய்ந்து, இறுதியில் ஒரு படைப்பாக்கித் தரும் பயிற்சி உண்டு. உணவைக் கருப்பொருளாகக் கொள்ளும் மாணவர்கள் பெரும்பாலும் பெருநகர உணவகங்களையே நாடுகின்றனர். தட்டில் அடுக்கும் அழகையும், உணவுப் பட்டியலின் எழுத்துருவையும் ஆராய்ந்து நிறைவு கொள்கின்றனர். அத்தகைய மாணவர் ஒருவர் நம்மிடம் வழி கேட்டால், அமரவிளைக்கும் பாறசாலைக்கும் இடைப்பட்ட சிற்றூர்களுக்குச் செல்லுமாறே நாம் கூறுவோம். தென்னையும் வாழையும் நிற்கும் நிலத்தை 'விளை' என்பது கன்னியாகுமரி மாவட்ட வழக்கு. ஊர்ப்பெயரிலேயே அச்சொல்லைத் தாங்கி நிற்கும் இப்பகுதியில், இரு மொழிகளும் ஒரே அடுக்களையைப் பகிர்ந்துகொள்கின்றன. 1956 நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழியே பிரிக்கப்பட்டபோது விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு நிலத்தைப் பிரித்ததேயன்றிக் கஞ்சியையும் பயறையும் பிரிக்கவில்லை.

கேள்வியிலிருந்து தொடங்குதல்

இந்தியாவில் வடிவமைப்புக் கல்வியின் தொடக்கமே ஓர் அடுக்களைப் பாத்திரத்தோடு தொடர்புடையது என்பதை நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டோம். 1958-ஆம் ஆண்டு அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் இந்திய அரசின் அழைப்பை ஏற்று நாடு முழுதும் பயணம் செய்து ஓர் அறிக்கை அளித்தனர். அதில் அவர்கள் மிகவும் வியந்து எடுத்துரைத்த பொருள் நம் வீடுகளில் உள்ள சாதாரணச் சொம்பு. அது எவ்வளவு நீர் கொள்ள வேண்டும், நிறைந்திருக்கும்போதும் வெறுமையாய் இருக்கும்போதும் அதன் எடை எங்கே நிலைகொள்கிறது, இடுப்பிலும் தலையிலும் வைக்க எவ்வாறு பொருந்துகிறது, கழுவ எளிதா, விலை என்ன என்பன போன்ற கேள்விகளை அவர்கள் அடுக்கினர். எந்த ஒரு தனிமனிதரும் அச்சொம்பை வடிவமைக்கவில்லை. தலைமுறை தலைமுறையாகப் பலர் கைபட்டு அது அவ்வடிவம் பெற்றது என்பதே அவர்கள் கண்ட உண்மை. அவ்வறிக்கையின் விளைவாக 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் உருவாயிற்று.

அதே கேள்விகளை நாம் அமரவிளைப் பகுதியின் வேறொரு பொருளை நோக்கிக் கேட்கலாம். அது பலாவிலைக் கரண்டி.

இலை ஒன்று, ஈர்க்கு ஒன்று

கஞ்சி குடிப்பதற்கெனப் பழுத்த அல்லது முற்றிய பலாவிலையைப் பறித்து, கூம்பாக மடக்கி, தென்னை ஈர்க்கு ஒன்றை முறித்துக் குத்தி நிறுத்துவர். கரண்டி ஆயிற்று. இதற்குக் கருவி வேண்டா, காசு வேண்டா, கால் நிமிடம் போதும். தெற்குக் கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் முந்தைய தலைமுறையினர் இதனைக் கொண்டே கஞ்சி கோரிக் குடித்தனர்.

இனிக் கேள்விகளைக் கேட்போம். ஏன் பலாவிலை? அது தடித்தது, தோல்போல் வழவழப்பானது, சூடான கஞ்சி பட்டாலும் எளிதில் துவளாது. நீர் அதில் ஒட்டாது வழிந்தோடும். ஏன் கூம்பு? ஒரு வாய்க்கு வேண்டிய அளவை அது கொள்ளும். நுனி குறுகியிருப்பதால் கிண்ணத்தின் அடிவரை சென்று கடைசிச் சோற்றையும் எடுக்கும். உலோகக் கரண்டிபோல் உதட்டைச் சுடாது. உண்டு முடித்தபின் என்னாகும்? ஈர்க்கை உருவிவிட்டு இலையை ஆட்டிற்குப் போடுவர். ஆடு விரும்பித் தின்னும் இலைகளுள் பலாவிலை முதன்மையானது. ஆகவே கழிவு என்று ஒன்று எஞ்சுவதேயில்லை.

பொங்கல் வழிபாட்டுக் காலங்களில் திருவனந்தபுரம் பகுதியில் செய்யப்படும் தெரளியப்பமும் இத்தகையதே. அரிசி மாவு, வெல்லம், பழம், தேங்காய், ஏலம் ஆகியவற்றைப் பிசைந்து, தெரளியிலையைக் கூம்பாகச் சுருட்டி அதனுள் அடைத்து ஆவியில் வேகவைப்பர். இலவங்கப்பட்டையின் இனத்தைச் சேர்ந்த அவ்விலை, தன் மணத்தை மாவிற்குள் இறக்கிவிடுகிறது. ஆற்றுகால் பொங்கல் விழாவில் லட்சக்கணக்கான பெண்கள் தெருவில் அடுப்பு மூட்டிச் சமைக்கும் பண்டங்களுள் இதுவும் ஒன்று. குமரி, நெல்லைப் பகுதிகளில் கார்த்திகையன்று பனங்குருத்தோலையில் வேகும் ஓலைக் கொழுக்கட்டையும் இதன் உடன்பிறப்பே. உறையே அச்சாகவும், சமைக்கும் கலமாகவும், மணமூட்டும் பொருளாகவும், பரிமாறும் ஏனமாகவும் அமைந்துவிடுவதைக் காண்கையில், ஒரு பொருளுக்கு நான்கு வேலை தரும் சிக்கனத்தை எந்தப் பாடநூலும் இதைவிடத் தெளிவாகக் கற்பிக்க இயலாது என்றே நமக்குத் தோன்றுகிறது.

மரச்சீனி சொல்லும் வரலாறு

வடிவம் என்பது கண்ணுக்குத் தெரியும் பொருளில் மட்டுமன்று, செய்முறையிலும் உண்டு. இப்பகுதியின் மரச்சீனிக் கிழங்கு அதற்குச் சான்று. தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இக்கிழங்கைத் திருவிதாங்கூரில் பரப்புவதில் பெரும் ஊக்கம் காட்டியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. இரண்டாம் உலகப் போரில் 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமாகி அங்கிருந்து அரிசி வருவது நின்றபோது, திருவிதாங்கூர் மக்களின் பசியைத் தாங்கியது இக்கிழங்கே.

ஆயினும் இக்கிழங்கு பச்சையாக உண்ணத்தக்கதன்று. சயனைடை வெளிவிடும் வேதிப்பொருள் இதில் இயல்பாகவே உள்ளது. தோலை உரித்து, துண்டுகளாக அரிந்து, நிறைய நீர்விட்டு வேகவைத்து, அந்நீரை வடித்துவிட வேண்டும். பாட்டிமார் 'முதல் தண்ணியை ஊற்றிவிடு' என்று சொல்லிக்கொடுத்த அந்த ஒரு வரி, ஓர் உயிர்காக்கும் வடிவமைப்பு. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963-இல் நிறுவப்பட்ட மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய ரகங்களுள் ஒன்றுக்கு 'ஸ்ரீ விசாகம்' என்று பெயர்.

சொற்களை மட்டும் தொகுத்தாலும் மாணவருக்கு ஒரு படைப்பு கிட்டும். தெற்குத் திருவிதாங்கூரில் மரச்சீனி. மத்திய கேரளத்தில் கப்பை. மலபாரின் சில பகுதிகளில் பூளை. தமிழகத்தில் மரவள்ளி, குச்சிக்கிழங்கு, ஏழிலைக்கிழங்கு. சேலத்திற்குச் சென்றால் அதே கிழங்கு ஜவ்வரிசியாகி நிற்கிறது. ஒரே கிழங்கின் பெயர்களை ஒரு வரைபடத்தில் குறித்துப் பார்த்தால், மாநில எல்லைகளும் சொல் எல்லைகளும் ஒன்றல்ல என்பது விளங்கும்.

துணியில் ஏறிய கஞ்சி

அமரவிளையிலிருந்து வடக்கே சிறிது தொலைவு சென்றால் பாலராமபுரம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலராமவர்மா மகாராஜா ஆட்சியில், தளவாய் உம்மிணித் தம்பியின் முயற்சியால், தமிழ்ப் பகுதியிலிருந்து சாலியர் குடும்பங்கள் இங்குக் குடியேற்றப்பட்டன. அவர்கள் நெய்த கசவுத் துணியே இன்று புவிசார் குறியீடு பெற்றுள்ள பாலராமபுரம் கைத்தறி. இங்கும் உணவு நுழைகிறது. பாவு நூல் தறியில் அறுந்துவிடாமல் இருக்கத் தெருவில் நீளக் கட்டி அதற்குக் கஞ்சிப் பசை ஏற்றிக் காயவைப்பது மரபு. கிண்ணத்தில் உடலைத் தாங்கும் கஞ்சி, தறியில் நூலைத் தாங்குகிறது. உணவைக் கருப்பொருளாகக் கொண்ட மாணவர் சமையலறையோடு நின்றுவிட வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு அருகில் கிடையாது.

பிற இடங்களில்

உலகின் பிற பகுதிகளிலும் இத்தேடல் நடந்து வருகிறது. ஸ்பெயினின் மார்த்தி கிஷே 1990-களிலேயே உணவை ஒரு வடிவமைப்புப் பொருளாக எடுத்துக்கொண்டார். நெதர்லாந்தின் மரியே ஃபோகல்சாங், உணவை இயற்கையே வடிவமைத்துவிட்டது, தாம் வடிவமைப்பது உண்ணும் செயலையே என்னும் கருத்துடையவர். 2014-இல் ஐந்தோவன் வடிவமைப்புக் கல்லூரியில் உணவுக்கென அமைந்த துறைக்குத் தலைமை ஏற்றார். நமக்கு அருகே, 2018 டிசம்பரில் தொடங்கிய கொச்சி-முசிறிஸ் பியனாலே கலைவிழாவில் 'எடிபிள் ஆர்க்கைவ்ஸ்' என்னும் திட்டம் இடம்பெற்றது. சமையற்கலைஞர்கள் பல்வேறு பாரம்பரிய நெல் வகைகளைச் சமைத்துப் பார்வையாளர்களுக்குப் பரிமாறினர். அங்கே காட்சிப்பொருளை உண்ணலாம். உண்ட பின்னரே அது முழுமை பெறும்.

எது யாருக்கு உரியது?

இனி நாம் சற்றுக் கவலையோடு சொல்ல வேண்டிய செய்தி. மாணவரின் ஆய்வு பெரும்பாலும் ஒரு கண்காட்சியிலோ புகைப்படத் தொகுப்பிலோ முடிந்துவிடுகிறது. அவருக்கு மதிப்பெண் கிடைக்கும்; பின்னர் வேலையும் கிடைக்கலாம். திண்ணையில் அமர்ந்து இலை மடித்துக் காட்டிய மூதாட்டிக்கு என்ன கிடைக்கும்?

சட்டம் இதில் சில வரையறைகளை வகுத்துள்ளது. 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டத்தின்படி பதிவு செய்யப்படும் ஒரு வடிவத்திற்கு முதலில் 10 ஆண்டுகளும், நீட்டிப்பாக மேலும் 5 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. ஆனால் அவ்வடிவம் புதியதாக இருக்க வேண்டும். ஊரறிந்த பலாவிலைக் கூம்பை எவரும் தம் பெயரில் பதிந்துகொள்ள இயலாது. அதிலிருந்து கிளைத்த உண்மையான புதுமையை மட்டுமே பதியலாம். ஒரு வட்டாரத்தின் பொதுச் சொத்தான சிறப்பைக் காக்கும் வழி வேறு. அது 1999-ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டம். எல்லைக்கு அப்பாலுள்ள கன்னியாகுமரி மட்டி வாழைக்கு 2023-இல் அக்குறியீடு கிடைத்தது. அது தனியொருவருக்கு உரியதன்று. அவ்வட்டார உற்பத்தியாளர் அனைவருக்கும் உரியது. ஆய்வைத் தொடங்கும்போதே இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் மாணவரின் கடமை.

இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். இயற்கையானது என்பதாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது. பாக்கு மட்டைத் தட்டுகள் நெகிழிக்கு மாற்றாகப் புகழ்பெற்றுப் பல நாடுகளுக்கு ஏற்றுமதியாகி வந்தன. 2025-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், பாக்கு மரத்திலுள்ள ஆல்கலாய்டுகள் உணவில் கலக்கக்கூடும் என்று கூறி அத்தட்டுகளுக்கு எதிராக அறிவிப்பு வெளியிட்டது. அந்தச் சந்தையை மட்டுமே நம்பியிருந்த சிறு உற்பத்தியாளரின் நிலையை எண்ணிப் பாருங்கள். மரச்சீனிக்கு முதல் நீரை வடிக்கச் சொன்ன பாட்டியின் விழிப்பு, இன்றைய ஆய்வகச் சோதனையாகத் தொடர வேண்டும். அழகை ஆராயும் மாணவர் பாதுகாப்பையும் ஆராய்ந்தாலொழிய அவர் பணி பாதியில் நின்றதாகவே பொருள்.

இலையிலிருந்து தொழிலுக்கு

தமிழகம் 2019-ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் கேரளம் 2020-ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்களுக்குத் தடை விதித்தன. 2022 ஜூலையில் நாடு முழுதும் குறிப்பிட்ட சில பொருள்களுக்குத் தடை வந்தது. அதனால் எழுந்த தேவையை நிறைவேற்ற இலைப்பொருள்கள் காத்திருக்கின்றன. இடையூறுகளும் இல்லாமலில்லை. பறித்த இலை நாள்பட நில்லாது; ஈர்க்கு குத்திய கரண்டியைச் சிறுவர் கையில் கவனமின்றித் தர முடியாது; பனை ஏறுவோர் குறைந்துவருகின்றனர்; விளைகள் வீட்டுமனைகளாகின்றன. இவை ஒவ்வொன்றும் ஒரு வடிவமைப்பாளர் தீர்க்க வேண்டிய கணக்கு. ஈர்க்கின்றி மடிப்பினாலேயே நிற்கும் கரண்டியை உருவாக்க இயலுமா? தெரளியிலையின் மணம் கெடாமல் உலர்த்தி வைக்க வழியுண்டா? விடை காண்பவர் ஊரோடு சேர்ந்து காண வேண்டும்.

பொருளுதவிக்கு வழிகள் உண்டு. 2015-இல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் 'சிசு' பிரிவில் 50,000 ரூபாய் வரையிலும், 'கிஷோர்' பிரிவில் 5 லட்சம் வரையிலும், 'தருண்' பிரிவில் 10 லட்சம் வரையிலும் கடன் பெறலாம். குறு உணவுப் பதப்படுத்தும் நிறுவனங்களுக்கென 2020-இல் மத்திய அரசு அறிவித்த திட்டத்தில், தகுதியான திட்டச் செலவில் 35 விழுக்காடு, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, கடனோடு இணைந்த மானியமாக வகுக்கப்பட்டது. சுய உதவிக் குழுவாக இணைந்து வரும் பெண்களுக்கு வழி இன்னும் எளிது. ஆனால் கடன் என்பது தொடக்கமன்று. முதலில் பொருள் தேற வேண்டும். பாதுகாப்புச் சோதனையில் வெல்ல வேண்டும். வாங்குவோர் யாரெனத் தெரிய வேண்டும். அதன்பின் விண்ணப்பம் எழுதுவதே முறை.

மாணவர் தம் ஆய்வின் இறுதிப் பக்கத்தில் ஒரு சிறு கணக்கையும் சேர்ப்பாராயின் நாம் மகிழ்வோம். இலை பறித்தவருக்கு எவ்வளவு, மடித்தவருக்கு எவ்வளவு, விற்றவருக்கு எவ்வளவு, வடிவம் தந்தவருக்கு எவ்வளவு என்னும் கணக்கு அது. அக்கணக்கு நேராக இருந்தால், அமரவிளையில் மடிக்கப்படும் ஓர் இலை அவ்வூரின் ஒரு வீட்டுக்கேனும் வருவாய் ஈட்டித் தரும். அதுவே அவ்வாய்வுக்குரிய உண்மையான மதிப்பெண்.