‘ஒரு வாய்தானே!’

எங்கள் ஊரின் பெயரிலேயே நெல் இருக்கிறது. ஆனால், ஊருக்குப் பேர் வாங்கித் தந்தது கோதுமை. சம்பா கோதுமையை ஊறவைத்து, ஆட்டி, பாலெடுத்து, சர்க்கரையும் நெய்யும் விட்டுக் கிண்டினால் திருநெல்வேலி அல்வா. வெளியூர்க்காரர்கள் எங்களிடம் கேட்பதும் அதுதான். நாங்கள் வெளியூருக்குக் கட்டிக்கொண்டு போவதும் அதுதான். அப்பேர்ப்பட்ட ஊரில், கோதுமையே கூடாத இரண்டு பேர் ஒரே வீட்டில் இருக்கிறோம். ஒருத்தி என் மகள், ஒன்பது வயது. இன்னொருத்தி நான்.

எங்களுக்கு இருப்பது சீலியாக் நோய். பெயரைச் சொன்னதும் ‘அலர்ஜியா?’ என்று கேட்பார்கள். அலர்ஜி இல்லை. சர்க்கரை நோயைப் போல வாழ்நாள் முழுக்கக் கூடவே வருவது. இதற்கு மாத்திரை கிடையாது, ஊசி கிடையாது. சாப்பாடு ஒன்றுதான் வைத்தியம்.

சவலை பாய்ந்த பிள்ளை

இரண்டு வயதுவரை கொழுகொழுவென்று இருந்தவள் மூன்று வயதில் இளைக்கத் தொடங்கினாள். கைகால்கள் குச்சியாகிவிட, வயிறு மட்டும் உப்பிக்கொண்டு நின்றது. நாளைக்கு நான்கைந்து தடவை வயிற்றால் போனது. எதற்கெடுத்தாலும் சிணுங்கினாள். “தம்பிக்காரன் வந்துட்டாம்லா, பிள்ளைக்குச் சவலை பாஞ்சிருச்சு” என்றார் என் மாமியார். பூச்சி மருந்து கொடுத்தோம், இரும்புச்சத்து டானிக் கொடுத்தோம், திருஷ்டி கழித்தோம், கயிறு மந்திரித்துக் கட்டினோம்.

கூடவே நான் இன்னொன்றும் செய்தேன். கேழ்வரகு, கம்பு, பொட்டுக்கடலையோடு சம்பா கோதுமையும் பார்லியும் வறுத்து அரைத்த சத்துமாவில் தினமும் இரண்டு வேளை கஞ்சி. பிள்ளையைத் தேற்ற வேண்டும் என்று மடியில் கிடத்தி, மூக்கைப் பிடித்து ஊட்டியிருக்கிறேன். அந்தக் கஞ்சிதான் அவளைத் தேய்த்துக்கொண்டிருந்தது என்று தெரிய ஒரு வருஷம் ஆனது.

நான்காவதாகப் போன குழந்தைகள் மருத்துவர்தான், என்னென்ன சாப்பிடுகிறாள் என்று காலை முதல் இரவுவரை வரிசையாகக் கேட்டு எழுதினார். ‘டிடிஜி’ என்ற ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். பிறகு எண்டோஸ்கோப்பி செய்து, சிறுகுடலின் தொடக்கத்திலிருந்து கிள்ளி எடுத்த துணுக்கைப் பார்த்து உறுதி செய்தார்கள்.

நம் சிறுகுடலின் உட்பக்கம் வெல்வெட் துணி மாதிரி இருக்கும். அதில் இழையிழையாக நிற்பவை குடலுறிஞ்சிகள். சாப்பாட்டின் சத்தை உடம்புக்குள் இழுத்துக்கொள்வது அவைதான். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. சப்பாத்தி மாவைப் பிசையும்போது இழுத்தால் இழுபடுகிறதே, அந்த இழுவையைத் தருவது அதுதான். சீலியாக் உள்ளவர்களின் உடம்பு குளூட்டனைக் கண்டால் எதிரியை அடிக்கப் புறப்பட்டு, தன் குடலையே அடித்துக்கொள்கிறது. வெல்வெட் வழித்த துணியாகிவிடுகிறது. அதன்பின் எதை ஊட்டினாலும் ஒட்டுவதில்லை.

வாழைப்பழத்தால் குணமான பிள்ளைகள்

காரணம் தெரியாமல் பிள்ளைக்கு வேண்டாததையே ஊட்டிய முதல் தாய் நானில்லை. 1888-ல் லண்டன் மருத்துவர் சாமுவேல் ஜீ இந்த நோயைத் தெளிவாக விவரித்து, சாப்பாட்டால்தான் குணமாகும் என்றும் சொன்னார். எந்தச் சாப்பாடு என்பதுதான் தெரியவில்லை. 1920-களில் அமெரிக்க மருத்துவர் சிட்னி ஹாஸ் வாழைப்பழமாகக் கொடுத்துப் பிள்ளைகளைத் தேற்றினார். பழத்தில்தான் மகிமை இருப்பதாக எல்லாரும் நம்பினார்கள். தட்டில் ரொட்டி இல்லாமல்போனதுதான் காரணம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

நெதர்லாந்தின் குழந்தைகள் மருத்துவர் வில்லெம் கேரல் டிக்கேக்கு அது தோன்றியது. கோதுமையின் மேல் அவருக்கு முன்பே சந்தேகம். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944-45-ல், அந்த நாட்டில் பெரும் பஞ்சம் வந்தது, ரொட்டி கிடைக்கவில்லை. ஊரே பட்டினியில் வாட, இந்த நோயுள்ள பிள்ளைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி படுத்தார்கள். 1950-ல் டிக்கே தன் ஆய்வேட்டில் கோதுமையைக் குற்றவாளியாக நிறுத்தினார்.

‘அது வடக்கத்தி நோய்’

“அரிசி தின்கிற நமக்கு இதெல்லாம் வருமா?” என்று கேட்காதவர்கள் இல்லை. கேள்வியில் பாதி நியாயம் உண்டு. மருத்துவர் பி.எஸ்.ராமகிருஷ்ணா முதல் ஆசிரியராக இருந்து 2016-ல் வெளியான ஆய்வில், நாட்டின் மூன்று பகுதிகளில் 23,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களைச் சோதித்தார்கள். வடக்கே நூற்றுக்கு 1.23 பேருக்கு ரத்தத்தில் இந்த நோய்க்கான எதிர்ப்பொருள் இருந்தது. தெற்கே 0.10 பேருக்கு, அதாவது ஆயிரத்தில் ஒருவருக்கு.

ஆனால், இந்த நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணு வகை இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருந்தது. வடக்கே நூற்றுக்கு 38 பேர், தெற்கே 36 பேர். வித்தியாசம் தட்டில் தெரிந்தது. வடக்கே ஒரு நாளைக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிட்டார்கள். தெற்கே 25 கிராம். இன்றைக்கு நம் வீடுகளில் ‘சுகருக்கு நல்லது’ என்று ராத்திரிக்குச் சப்பாத்தி, கடைக்குப் போனால் புரோட்டா, பிள்ளைகளுக்கு நூடுல்ஸ், பிஸ்கட். அந்த 25 கிராம் அங்கேயே நிற்குமா?

தெற்கே இவ்வளவு குறைவு என்பதால் வேறொரு சங்கடமும் உண்டு. அரிதான நோய் என்று யாருக்கும் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. எனக்கே வரவில்லை. பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தவர் என்று நெருங்கிய ரத்த உறவில் ஒருவருக்கு இருந்தால், மற்றவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கும் இருக்கலாம் என்பதால் வீட்டில் எல்லாரையும் பரிசோதிக்கச் சொன்னார்கள். மகனுக்கு இல்லை. எனக்கு இருந்தது. பத்து வருஷமாக ரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தேன். ‘பொம்பளைங்களுக்கு இருக்கறதுதான்’ என்று நானும் விட்டுவிட்டிருந்தேன்.

பெருங்காயத்தில் ஒளிந்திருந்தது

வீட்டுக்கு வந்து கோதுமை, மைதா, ரவை, சேமியா டப்பாக்களைக் காலி செய்தோம். இட்லி, தோசை, இடியாப்பம், புட்டு, ஆப்பம், கேழ்வரகுக் களி, கம்பங்கூழ், சாமைச் சோறு எல்லாம் நமக்கு உண்டு. ரொட்டி தின்கிற நாட்டில் பிறந்திருந்தால் எவ்வளவு கஷ்டம் என்று நிம்மதிப் பெருமூச்சு விட்டேன். ஆறு மாதம் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனையில் டிடிஜி அளவு இறங்கியிருந்தது. ஆனால் இறங்க வேண்டிய அளவுக்கு இறங்கவில்லை.

சமையலறையில் உட்கார்ந்து ஒவ்வொரு பாக்கெட்டின் முதுகையும் படித்தேன். பெருங்காய டப்பாவில் பொடி எழுத்தில் இருந்தது: கோதுமை மாவு. கடையில் பெரும்பாலும் கிடைப்பது கூட்டுப் பெருங்காயம். பிசினோடு மாவு சேர்த்துத்தான் அதைச் செய்கிறார்கள். சாம்பார், ரசம், தாளித்த மோர், ஊறுகாய் என்று ஒவ்வொரு வேளையும் என் கையாலேயே கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் கிடைக்கிறது. தேடி வாங்க வேண்டும்.

அடுத்தது மாவு மில். எங்கள் தெரு மில்லில் புட்டு மாவுக்கு அரிசி கொண்டுபோனால், எனக்கு முன்னால் நிற்பவர் கோதுமை அரைத்துக்கொண்டிருப்பார். மிஷினைத் தட்டிவிட்டு, அதே வாயில் என் அரிசியைக் கொட்டுவார்கள். “அரிசி வெள்ளையாத்தானக்கா விழுது, என்ன இப்படிச் சொல்லுதிய?” என்றார் மில்காரத் தம்பி. கணக்குப் போட்டுப் பார்த்தேன். நம் உணவுப் பாதுகாப்பு ஆணைய விதிப்படி, ‘குளூட்டன் இல்லாதது’ என்று எழுத ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. கோதுமை மாவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குளூட்டன். ஆக, ஒரு கிலோ அரிசி மாவில் கால் கிராம் கோதுமை மாவு கலந்தாலே எல்லை தாண்டிவிடும். கால் கிராம் என்பது ஒரு சிட்டிகைகூட இல்லை. அன்றோடு மில்லுக்குப் போவதை நிறுத்தி, வீட்டுக்கு ஒரு சின்ன அரைவை மிஷின் வாங்கினோம். அந்த மாதம் நகைக்கடைச் சீட்டைக் கட்டவில்லை.

வாசலைத் தாண்டினால்

வீட்டுக்குள் எல்லாம் நம் கையில். வெளியே, ஹோட்டல் தோசைக்கல்லில் முந்தின நிமிஷம் சப்பாத்தி வெந்திருக்கும். ரவா தோசை, கேசரி, பஜ்ஜி, பாதுஷா, சோமாசா, சோன்பப்டி எதையும் தொட முடியாது. வகுப்பில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் கேக் வரும். டீச்சரிடம் ஒரு டப்பா நிறைய கடலை மிட்டாய் கொடுத்து வைத்திருக்கிறேன். கேக் வெட்டும் நாளில் அவளுக்கு அதிலிருந்து ஒன்று.

இது வசதியுள்ள வீட்டின் ஏற்பாடு. 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் நல்ல திட்டம். எத்தனையோ பிள்ளைகள் வெறும் வயிற்றோடு வகுப்பில் உட்காருவது நின்றிருக்கிறது. அதன் பட்டியலில் ரவை உப்புமாவும் சேமியா உப்புமாவும் இருக்கின்றன. அந்த வரிசையில் தட்டேந்தி நிற்கிற, நோய் இன்னதென்று கண்டுபிடிக்கப்படாத ஒரு பிள்ளையை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

கோயில் பிரசாதமாகக் கேசரி தந்தால் கண்ணில் ஒற்றி, பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்துவிடுவோம். சாமி கோபித்துக்கொள்வதாகத் தெரியவில்லை. கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இது இன்னும் கடினம். நற்கருணை அப்பம் கோதுமையில்தான் செய்ய வேண்டும்; குளூட்டன் அறவே நீக்கிய அப்பம் செல்லாது, மிகக் குறைந்த அளவில் உள்ளதைப் பயன்படுத்தலாம் என்று 2017-ல் வத்திக்கான் மறுபடி தெளிவுபடுத்தியது.

எல்லாவற்றையும்விடக் கஷ்டம் சொந்தபந்தங்கள்தான். “ஒரு வாய் தின்னா என்ன செஞ்சிரும்?” பாசத்தில் கேட்கிற கேள்விதான். ஒரு வாய் தின்றால் பல நேரம் வெளியே ஒன்றும் தெரியாது என்பதுதான் இதில் ஆபத்தே. வயிறு வலிக்காது, வாந்தி வராது. உள்ளே மட்டும் அடி விழும். “பார்த்தியா, ஒண்ணும் செய்யலையே” என்று அடுத்த வாய் வரும். நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் உள்ளே போனாலே குடல் கெடும் என்று இத்தாலியில் நடந்த ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. ஒரு பிரெட் துண்டிலேயே இரண்டு கிராம் அளவுக்கு இருக்கும்.

ஆனால், சொந்தக்காரர்களைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? போன வருஷம் ஒரு சாயங்காலம், சந்நிதித் தெருப் பக்கம் தனியாகப் போனபோது நெய் மணம் இழுத்துவிட்டது. வாழையிலைத் துண்டில் சுடச்சுட ஐம்பது கிராம் அல்வா. ‘ஒரு வாய்தானே’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் மகள் என் கையை முகர்ந்து பார்த்தாள். “உனக்கும்தானம்மா கூடாது?” என்றாள். அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. இரண்டு நாள் கழித்து, பக்கத்து வீட்டில் ஒரு பிஸ்கட் சாப்பிட்டாள். ஏனென்று நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு நான் அந்தத் தெருவுக்குத் தனியாகப் போவதில்லை.

பந்தியில் ஒரு கேள்வி

சென்ற தை மாதம் ஒரு கல்யாணம். மறுநாள் மறுவீட்டுச் சாப்பாட்டில் சொதி. நான் வாயைத் திறப்பதற்குள் மகள் பரிமாற வந்தவரிடம் கேட்டாள்: “மாமா, இதுல பெருங்காயம் போட்டிருக்கா?” அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் சமைத்த தவசுப்பிள்ளையே கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்தார். “சொதியில இல்ல பாப்பா. இஞ்சிப் பச்சடியிலயும் இல்ல. ரசத்துல இருக்கு, அதைத் தொடாத” என்றார். எதற்கு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. அவள் சொதியை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

இன்றைக்கு என் மகள் வகுப்பில் நடுத்தர உயரம். இரும்பு மாத்திரை எனக்கும் நின்றுவிட்டது. இதைப் படிக்கிற பெற்றோருக்கு இரண்டு வார்த்தை. பிள்ளை வளராமல் வயிறு உப்பி நின்றால், எவ்வளவு டானிக் கொடுத்தும் ரத்தசோகை போகவில்லையென்றால், சீலியாக்காக இருக்குமா என்று மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள். பரிசோதனை முடிவதற்குள் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள்; நிறுத்தினால் நோய் சோதனையில் பிடிபடாமல் போகலாம்.

உறவினர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் வீட்டுப் பிள்ளை போன்ற ஒன்று உங்கள் வீட்டுக்கு வந்தால் தனியாக எதுவும் சமைக்க வேண்டாம். ஒரு வாழைப்பழம் கொடுங்கள், இளநீர் வெட்டிக் கொடுங்கள். சமைத்ததைக் கொடுப்பதென்றால், அந்தத் தவசுப்பிள்ளையைப் போல அதில் என்ன போட்டிருக்கிறது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.