விருந்துக்கு உப்புக் குறைந்த தக்காளித் தொக்கு

பழவேற்காடு ஏரியை ஒட்டிய பசியாவரம் போன்ற மீனவர் ஊர்களில் விருந்தினர் வந்தால் மீனோடு கருவாடும் ஊறுகாயும் பரிமாறப்படுவதுண்டு. உயர் இரத்த அழுத்தம் உடையோர்க்கு இவ்விரண்டிலும் உள்ள உப்பே இடர். வயது வந்தோர் நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாகவே உப்பு உண்ண வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அஃது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி.

நோயாளிக்கெனத் தனியே சமைத்தால் அவர் விருந்தில் தனித்துவிடுவார். ஆகவே அனைவர்க்கும் பொதுவான தொக்கு ஒன்றைச் செய்யலாம். இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெயில் 10 சின்ன வெங்காயம், 4 பல் பூண்டு, 2 காய்ந்த மிளகாய் ஆகியவற்றை வதக்குக. பழுத்த தக்காளி 4 சேர்த்து, நீர் வற்றும்வரை கிளறி, ஆறியபின் அரைக்க. இறுதியில் கால் தேக்கரண்டி உப்பு இடுக. ஐவர் பகிர்ந்தால் ஒருவர்க்குச் சேர்வது ஏறத்தாழ கால் கிராமே. இடியாப்பத்துக்கும் சுட்ட மீனுக்கும் இது பொருந்தும். பூண்டும் புளிப்பும் உப்பின் குறையை ஈடுசெய்யும்.

கடையில் விற்கும் தக்காளி சாஸில் உப்பும் சர்க்கரையும் மிகுதி, அதனைத் தவிர்க்க. சிறுநீரக நோயுடையோர், தக்காளியில் பொட்டாசியம் இருப்பதால், உண்ணும் அளவை மருத்துவரிடம் கேட்டறிக. பொட்டாசியம் கலந்த மாற்று உப்பையும் அவரைக் கேளாது பயன்படுத்தற்க.