பெட்டிக்குள்ள கசகசா இருக்கா? மதுரையில் இருந்து சிங்கப்பூர், துபாய் போறவங்க கவனிக்க வேண்டியது என்ன?

ஜல்லிக்கட்டுக்குப் பெயர்போன அவனியாபுரம் வழியாகத்தான் மதுரை நகரில் இருந்து விமான நிலையத்துக்குச் சாலை போகிறது. சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் வேலைக்குப் போகிறவர்களின் பெட்டியில் ஊறுகாய், இட்லிப் பொடியோடு வீட்டில் அரைத்த கறி மசாலாவும் இருக்கும்.

போன இடத்தில் சில பழக்கங்கள் விநோதமாகத் தெரியும். சிங்கப்பூர் உணவங்காடி நிலையத்தில் காலி மேஜை மேல் டிஷ்யூ பாக்கெட் கிடந்தால், யாரோ மறந்துவிட்டுப் போனது என்று நினைக்க வேண்டாம். இடம் பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இதற்கு அங்கே 'சோப்' என்று பெயர். மாட்டுத்தாவணியில பஸ் ஜன்னல் வழியா துண்டைப் போட்டு சீட் பிடிக்கிறோமே, அதேதான்! இதற்குச் சட்டம் எதுவும் கிடையாது. மீறி உட்கார்ந்தால் முறைப்பார்கள், அவ்வளவுதான்.

சாப்பிட்ட தட்டு விஷயம் அப்படி இல்லை. நம்ம ஊர் மெஸ்ஸில் இலையை மடித்துவிட்டு எழுந்தால் போதும். அங்கே தட்டை நாமே எடுத்துப்போய் அதற்கான இடத்தில் வைக்க வேண்டும். 2021 செப்டம்பரில் இருந்து, முதல் முறை தவறினால் எச்சரிக்கை, அடுத்த முறை 300 டாலர் அபராதம். எம்.ஆர்.டி. ரயிலில் தண்ணீர் குடிப்பதும் தப்புதான்.

இதையெல்லாம் அங்கே போய்ப் பழகிக்கொள்ளலாம். கசகசாவுக்கு அந்த அவகாசம் கிடையாது.

கசகசாவில் என்ன பிரச்சினை?

குருமா கெட்டியாக வர நாம் அரைத்து ஊற்றும் கசகசா, அபின் எடுக்கப்படும் அதே செடியின் விதை. விதையில் போதை இல்லை என்பது உண்மைதான். ஆனால் காயில் வடியும் பாலில் மார்ஃபின் இருக்கிறது. அது விதை மேல் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் சிங்கப்பூர், அமீரகம், சவுதி போன்ற நாடுகளில் கசகசாவைக் கொண்டுவரத் தடை.

"மளிகைக் கடையில வாங்கினதுங்க" என்று சொன்னால் எடுபடாது. "அம்மா கட்டிக் கொடுத்தாங்க, உள்ள என்ன இருக்குன்னு தெரியாது" என்பதும் அப்படித்தான். வளைகுடா நாடுகளில் இது கைது, வழக்கு வரை போகலாம். வேலை போனால், கடன் வாங்கி ஏஜென்ட்டுக்குக் கட்டிய பணமும் போச்சு.

தனிப் பொட்டலமாக இருந்தால் கண்ணில் படும். மசாலாவோடு அரைபட்டுக் கலந்திருந்தால்தான் சிக்கல். அதனால் பெட்டி கட்டும் முன், அரைத்தவரிடமே கேட்டுவிடுங்கள். கசகசாவுக்குப் பதில் முந்திரியோ பொட்டுக்கடலையோ சேர்த்தாலும் குழம்பு கெட்டியாகத்தான் வரும். பக்கத்து வீட்டுக்காரர் தன் மகனுக்குக் கொடுத்துவிடும் பார்சலையும் பிரித்துப் பார்க்காமல் வாங்கி வைக்காதீர்கள்.